அளவுகோலும் அந்தரங்கமும்

சந்தையிலே கொத்தால் அளந்து அரிசி வாங்கிய காலத்தில், அளப்பவரின் விரல்கள் கொத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பதை வாங்குபவர் கண்கொட்டாது பார்த்து நிற்பதுண்டு. கொத்தின் அடி உள்நோக்கி வளைந்திருக்கிறதா, தலைதட்டும்போது கோல் சற்றே அழுந்துகிறதா என்பனவெல்லாம் அவர் கவனத்துக்குரியன. விற்பவரும் வாங்குபவரும் ஒரே அளவையைத் தம் கண்முன்னே கண்டனர். ஐயம் எழுந்தால் மீண்டும் அளக்குமாறு கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இருந்தது. இன்று வீடுகள் மாதந்தோறும் பணம் கொடுத்து வாங்கும் பண்டங்களுள் ஒன்றான இணைய வேகத்துக்கு இத்தகைய கண்கண்ட அளவை எதுவும் இல்லை. ‘நொடிக்கு இத்தனை மெகாபிற் வரை’ என்பது விளம்பரம். அந்த ‘வரை’ என்னும் சிறு சொல்லுக்குள் கம்பனியின் விரல்கள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பதை வாங்குபவர் அறியமாட்டார்.

அறிய முயன்றாலும் அஃது எளிதன்று. செப்புக் கம்பிவழி வரும் இணைப்பாயின், தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தூரம் கூடக்கூட வேகம் குறையும். அயல்வீடுகளோடு பகிரப்படும் இணைப்பாயின், எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைவேளையில் நெரிசல் ஏற்படும். வீட்டுச் சுவர்கள் தடித்திருப்பின் வைஃபை அலை தளரும். தொடர்புகொள்ளும் கணினி உலகின் மறுகோடியிலே இருப்பினும் தாமதம் நேரும். ஒருவர் தமது கணினியிலே ஒருமுறை செய்து பார்க்கும் சோதனை இவற்றுள் எது காரணம் என்பதைப் பிரித்துக் காட்டாது. ‘குறை எங்கள் பக்கத்தில் இல்லை, உங்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறது’ என்று கம்பனி கூறுமிடத்து, வாடிக்கையாளரிடம் மறுமொழி இருப்பதில்லை.

இம் மறுமொழியைத் தேடும் முயற்சியாகவே வீட்டுக்குள் அளவுகோலை வைக்கும் வழக்கம் தோன்றியது. பிரித்தானியாவிலே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ‘ஒஃப்கொம்’ நிறுவனம், ‘சாம்நோஸ்’ என்னும் அளவீட்டுக் கம்பனியின் துணையோடு 2008 ஆம் ஆண்டிலே இவ்வேலையைத் தொடங்கியது. தாமாக முன்வந்த குடும்பங்களின் வீடுகளில், றவுட்டரோடு இணைக்கத்தக்க சிறு பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அது இராப்பகலாகக் குறித்த இடைவெளியிலே தானே இயங்கி, தரவிறக்க வேகம், தரவேற்ற வேகம், தாமதம், வழியிலே தொலைந்த தரவுப் பொதிகள் என்பவற்றை அளந்து அனுப்பியது. 2010 ஆம் ஆண்டு மே மாத அளவீட்டின்படி, விளம்பரப்படுத்தப்பட்ட வேகத்தின் சராசரி நொடிக்கு 11.5 மெகாபிற், வீடுகளுக்கு உண்மையாகக் கிடைத்ததோ 5.2 மெகாபிற். பாதிக்கும் குறைவு. பிரித்தானிய விளம்பர விதிகள் பின்னர் இறுக்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், நெரிசல்மிக்க இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே வாடிக்கையாளருள் அரைப்பங்கினருக்கேனும் கிடைக்கும் வேகத்தையே விளம்பரத்திற் குறிப்பிடலாம் என்றாயிற்று.

அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2010 ஆம் ஆண்டின் தேசிய அகலப்பட்டைத் திட்டம் இத்தகைய அளவீட்டின் தேவையை வலியுறுத்தியது. கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு அதே சாம்நோஸ் கம்பனியை அமர்த்தித் தொண்டர்களை அழைத்தது. 75,000 க்கு மேற்பட்டோர் முன்வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 9,000 பேர் தெரிவு செய்யப்பட்டனர்.  ‘வெண்பெட்டி’ என்பது அவர்கள் வீட்டில் வைக்கப்பட்ட பெட்டியின் பெயராயிற்று.

அவ்வாறு வெண்பெட்டி வந்து சேர்ந்த வீடுகளுள் ஒன்று, அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிறு நகரொன்றிலே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் வீடு. மாலை ஏழு மணியானதும் அவர் வீட்டு இணைப்பு இழுபடத் தொடங்கும். மூன்று முறை முறைப்பாடு செய்தார். மூன்று முறையும் றவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குமாறு அறிவுரை கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் மாணவரிடம் ‘நிறுவிக் காட்டு’ என்று கூறி வாழ்ந்தவருக்கு, தம் சொந்த முறைப்பாட்டை நிறுவ முடியாமற் போனது உறுத்தலாகவே இருந்தது. ஆகவே தொண்டர்களுக்கான அழைப்பைக் கண்டதும் அவர் தயங்காது விண்ணப்பித்தார்.

உடன்பாட்டுப் பத்திரத்தை அவர் வரிவரியாகப் படித்தார். பெட்டி எந்த மின்னஞ்சலையும் படிப்பதில்லை. எந்தப் பக்கம் பார்க்கப்படுகிறது என்பதைக் குறிப்பதில்லை. வீட்டார் இணையத்தைப் பயன்படுத்தும்போது அது தன் சோதனையை ஒத்திவைக்கும். விரும்பிய வேளையில் விலகிக்கொள்ளலாம். அவர் வாங்கியிருக்கும் வேகத்தின் அளவை அவரது இணையக் கம்பனியிடம் உறுதிப்படுத்திக்கொள்வர். இவற்றிலே ஆட்சேபிக்கத்தக்கது எதுவும் அவருக்குத் தென்படவில்லை. கையொப்பமிட்டார்.

பெட்டியை றவுட்டருடன் இணைத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஒரு கேள்வி கேட்டார். “நாங்கள் பயன்படுத்தும்போது ஒத்திவைக்கும் என்கிறீர்கள். நாங்கள் பயன்படுத்துகிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?”

ஆசிரியர் விளக்கினார். குழாயினூடாக நீர் ஓடுகிறதா என்பதைக் குழாய்மேற் கை வைத்தே அறியலாம். அந்நீர் சமையலுக்கா குளிப்பதற்கா என்பது கைக்குத் தெரியாது. பெட்டியும் அவ்வாறே வயர் வழியாகவும் வைஃபை வழியாகவும் செல்லும் பைற்றுகளின் அளவை மட்டும் உணர்கிறது. அதன் உள்ளடக்கத்தை அறியாது.

“அப்படியானால் வீட்டில் எவரும் இல்லாத நேரமும் அதற்குத் தெரியும்” என்றார் மனைவி. ஆசிரியர் அதை மறுக்கவில்லை. ஆயினும் அதைப் பெரிதாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வம்மையார் சுட்டிய இடமே இவ்விடயத்தின் முடிச்சு எனலாம். வீட்டாருக்கு இடையூறு செய்யாதிருக்கவேண்டுமாயின், அவர்கள் எப்பொழுது ஓய்ந்திருக்கிறார்கள் என்பதைக் கருவி அறிந்திருத்தல் வேண்டும். கருவியின் மரியாதையே அதன் கண்காணிப்பிலேதான் தங்கியிருக்கிறது. வேண்டாதபோது வந்து நிற்காத விருந்தாளி, வீட்டாரின் உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் அறிந்தவராகவே இருப்பார். நல்லெண்ணத்தோடு அறிந்ததாயினும் அறிந்தது அறிந்ததே.

உள்ளடக்கம் தெரியாது, அளவு மட்டுமே தெரியும் என்பதால் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் காக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளல் பொருந்தாது. இதை முதலில் உணர்த்தியது இணையமன்று, மின்சாரம். வீடுகளிலே எவ்வளவு மின்சாரம் பயன்படுகிறது என்பதைச் சிறுசிறு இடைவெளிகளிற் பதிவுசெய்து அனுப்பும் நுண்ணறி மின்மானிகளை எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கும் சட்டமூலத்தை நெதர்லாந்தின் மேற்சபை 2009 ஆம் ஆண்டிலே ஏற்க மறுத்தது. அந்தரங்கம் பற்றிய அச்சமே அதற்கு முதன்மைக் காரணம். மானிக்கு வீட்டாரின் பேச்சுக் கேட்பதில்லை. எனினும் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்பொழுது வெளியே செல்கிறார்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது என்பன அதன் எண்களிலே எழுதப்பட்டிருக்கின்றன.

இணையத்திலும் இவ்வாறே. ஜோர்ஜியா தொழினுட்பக் கழகத்து ஆய்வாளர் முதலானோர் 19 நாடுகளிலே 126 வீடுகளில் விசேட றவுட்டர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இணைப்பு எத்துணை நேரம் இயங்குகிறது என்பதை அறிதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. சில வீடுகளில் இணைப்பு அறுபடுவதாகத் தோன்றியது உண்மையில் அறுபடுதலன்று. வீட்டார் தாமே றவுட்டரை நிறுத்தியிருந்தனர். சீனாவிலுள்ள வீடொன்றிலே அது மாலைவேளையிலும் வார இறுதியிலும் மட்டுமே இயங்கியமை வரைபடத்திலே தெளிவாகத் தெரிந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை, உள்ளடக்கமும் இல்லை. எனினும் ஒரு குடும்பம் வேலைக்குச் சென்று திரும்பும் நேரம் அவ்வரைபடத்திலே இருந்தது. அவ்வாய்வாளர் இதை உணராதவரல்லர். பயன்பாட்டின் நுண்விவரங்களை எழுத்துமூலம் உடன்பட்ட மிகச் சில வீடுகளிலேயே அவர்கள் திரட்டினர். கருவிகளின் அடையாள எண்களை மறைத்தனர். பலரும் செல்லும் புகழ்பெற்ற தளங்கள் தவிர்ந்த ஏனையவற்றின் பெயர்களையும் மறைத்தனர். பிறரறியாத் தளத்தின் பெயரே ஒருவரை அடையாளம் காட்டிவிடக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆசிரியரின் வீட்டுக்கு மீளலாம். அமெரிக்க ஆணைக்குழுவின் முதலறிக்கை 2011 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே வெளியாயிற்று. வார நாட்களின் மாலை 7 மணி முதல் 11 மணி வரையான நெரிசல் வேளையிலே, கம்பனிகள் விளம்பரப்படுத்திய வேகத்திற் சராசரியாக 87 வீதத்தைக் கொடுத்தன என்பது அதிலே தெரிந்தது. மறு ஆண்டு அறிக்கையில் அது 96 வீதமாக உயர்ந்தது. ஊரறிய அளக்கப்படுகின்றது என்னும் உணர்வே கம்பனிகளின் ஒழுக்கத்தைத் திருத்த வல்லது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வோர் உளர்.

அறிக்கையோடு நில்லாது, அதற்கு அடிப்படையான மூலத் தரவுகளையும் ஆணைக்குழு வெளியிட்டது. எவரும் இறக்கிப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கலாம். பொதுப்பணத்திலே செய்யப்பட்ட அளவீடு பொதுமக்களின் சோதனைக்கு உட்படவேண்டும் என்பது உயர்ந்த கோட்பாடு. தொண்டர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கம் மட்டுமே இடப்பட்டிருந்தது. வேகம், தாமதம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு பெட்டியின் வழியாகவும் வீட்டார் பெற்ற பைற்றுகளின் தொகையும் அக்கோப்புகளிலே இருந்தது.

கணித ஆசிரியருக்கு இத்தகைய கோப்பு விருந்தாயிற்று. முதலில் அவர் தம் பெட்டியைத் தேடினார். தம் மாநிலம், தம் கம்பனி, தாம் வாங்கிய வேகம் ஆகிய மூன்றாலும் வடிகட்டியபோது எஞ்சியவை சிலவே. தொண்டருக்குக் காட்டப்படும் தம் சொந்தச் சோதனை முடிவுகள் சிலவற்றை அவற்றோடு ஒப்பிட்டதும் இலக்கம் அகப்பட்டுவிட்டது. ஒரு புதிரை விடுவித்த மகிழ்ச்சி அவருக்கு. பின்னர், மாலை நெரிசலைக் காண்பதற்காக அவ்விலக்கத்துக்குரிய பயன்பாட்டு நிரலைத் திறந்தார். நேரம் உலகப் பொதுநேரத்திலே தரப்பட்டிருந்தமையால் தம் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மாலை நெரிசலை அவர் கண்டார். அதற்கப்பால், எதிர்பாராத வேறொன்றும் அவர் கண்ணிற் பட்டது. நள்ளிரவு ஒரு மணி முதல் நான்கு மணி வரை, அந்த மார்ச் மாதத்தின் ஏறத்தாழ எல்லா நாட்களிலும், எண்கள் உயர்ந்திருந்தன.

அவரும் மனைவியும் பத்து மணிக்கு உறங்கச் செல்பவர்கள். வீட்டிலே மூன்றாமவர் ஒருவரே. மணவாழ்க்கை முறிந்து அவ்வாண்டின் தொடக்கத்தில் இரண்டு பெட்டிகளோடு வீடு திரும்பியிருந்த மகள். பகலிலே அவள் இயல்பாகவே இருந்தாள். காலையில் வேலைக்குச் சென்றாள். மாலையிலே தாயோடு சமையலறையிற் சிரித்துப் பேசினாள். ‘நன்றாக உறங்கினாயா?’ என்று தந்தை கேட்கும் ஒவ்வொரு காலையும் ‘ஓம் அப்பா’ என்றே கூறிவந்தாள். முப்பது இரவுகளின் எண்கள் அம்முப்பது விடைகளையும் பொய்யாக்கி நின்றன.

அன்றிரவு அவர் மனைவியிடம் இதைக் கூறினார். அம்மையார் வியப்படையவில்லை.

“அதை அறிய எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை. மாடிப்படியின் ஒலி போதும். சில இரவுகளிலே எழுந்து போய்த் தேநீர் வைத்துக் கொடுத்தேன். நான் அறிவேன் என்பது அவளுக்கும் தெரியும். நீங்கள் அறிவீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அதுதான் சரியில்லை.”

இவ்விரு அறிதல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு நுட்பமானது, ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. தாய் அறிந்ததும் தந்தை அறிந்ததும் ஒரே செய்தி. தாய் அதனை அறிந்தபோது மகளும் அங்கிருந்தாள். அறியப்படுதலை ஏற்பதா மறுப்பதா என்னும் உரிமை அவளிடம் இருந்தது. கதவைச் சாத்திக்கொள்ளவும் அவளால் முடிந்திருக்கும். தந்தை அறிந்தபோதோ அவள் அங்கில்லை. ஒரு நிரலிலே எண்ணாக மட்டும் இருந்தாள். அந்தரங்கம் என்பது இரகசியங்களை ஒளித்துவைத்தல் என்றே பலரும் கருதுவர். ஒருவர் தம்மைப்பற்றி எது அறியப்படுகிறது என்பதைத் தாமும் அறிந்திருத்தலே அதன் உயிர்நிலை எனக் கூறுதல் பொருத்தமாகும்.

ஈண்டு எவர்மீதும் பழி சுமத்துவதற்கு இடமில்லை. ஆணைக்குழு பெயர்களை நீக்கியிருந்தது. அந்நியர் ஒருவர் அவ்விலக்கத்திலிருந்து இவ்வீட்டைக் கண்டுபிடித்தல் எளிதன்று. ஆசிரியரால் முடிந்தமைக்குக் காரணம் அவர் வீட்டுக்குள்ளே இருந்தமையே. ஆயினும் இவ்வாறுதலுக்குள்ளே ஒரு கசப்பும் உண்டு. பெயரற்ற எண்களுக்குப் பெயரைப் பொருத்த வல்லவர் பெரும்பாலும் நெருங்கியவரே: முன்னாட் கணவர், வீட்டுச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், உறவினர். தொலைவிலுள்ள அந்நியருக்கு இன்னொருவரின் உறக்கமின்மையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒருவரைப் புண்படுத்தத்தக்க அறிவு அருகிலிருப்போரிடமே பயன்படுகிறது. அமெரிக்கத் தரவிலே ஒவ்வொரு பெட்டியும் எந்தக் குடித்தொகைக் கணக்கெடுப்புத் துண்டத்திலுள்ளது என்னும் பட்டியலும் வெளியிடப்பட்டது. நகரத்திலே ஒரு துண்டத்துள் நூற்றுக்கணக்கானோர் வாழலாம். நாட்டுப்புறத்திலோ ஒரு துண்டத்துக்குச் சில வீடுகளே இருக்கக்கூடும். ஆய்வாளருக்கு இடம் பற்றிய நுட்பம் வேண்டும். வீட்டாருக்கு மங்கல் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும்.

இத்துறையிலே பல்வேறு அமைப்புகள் பல்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. அம்ஸ்ரர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட இணைய முகவரிப் பதிவகமொன்று 2010 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘றைப் அற்லஸ்’ திட்டத்தில், தொண்டர்கள் தம் வீட்டிலே சிறு கருவியொன்றை வைக்கின்றனர். அதன் இருப்பிடம் உலகப்படத்திலே காட்டப்படும்போது வேண்டுமென்றே சற்று விலக்கிக் காட்டப்படுகிறது. அக்கருவி அளப்பது வேகத்தையன்று, பாதையையும் தாமதத்தையுமே. வீட்டாரின் போக்குவரத்தை அது பார்ப்பதில்லை. பிற ஆய்வாளர் தம் விருப்பப்படி எந்த இணையத்தளத்துக்கும் அக்கருவியை அனுப்பவும் முடியாது. தடைசெய்யப்பட்ட தளமொன்றை ஒருவர் வீட்டிலிருந்து அது நாடிற்றென்றால், சில நாடுகளிலே அவ்வீட்டார் துன்பத்துக்கு உள்ளாகலாம் என்பதே காரணம். இதற்கு மாறாக, 2009 ஆம் ஆண்டிலே தோன்றிய ‘மெஷர்மென்ற் லாப்’ தன் சோதனை முடிவுகளைச் சோதித்தவரின் இணைய முகவரியோடு சேர்த்தே பொதுவெளியில் வைக்கிறது. அதை முன்கூட்டியே தெளிவாகக் கூறியும் விடுகிறது. இரண்டும் நேர்மையான வழிகளே. ஒன்று குறைவாக அறிகிறது. மற்றது அறிவதை ஒளிக்காது சொல்கிறது.

நேர்மைக்கு அப்பாற்பட்ட இடர்களும் உள. தொண்டர் ஒருவர் எந்தக் கம்பனியை நம்பிப் பெட்டியை வீட்டில் வைக்கிறாரோ, அக்கம்பனி கைமாறலாம். சாம்நோஸ் கம்பனியே 2023 ஆம் ஆண்டிலே சிஸ்கோ என்னும் பெருங்கம்பனியால் வாங்கப்பட்டது. இதிலே தவறொன்றும் இல்லை. வணிக உலகின் இயல்பு அது. எனினும் கையொப்பம் ஒருமுறை இடப்படுவது. நம்பிக்கையோ ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படவேண்டியது என்பதை அந்நிகழ்வு நினைவூட்டுகிறது. கேளாமலே பிறரைக் கருவியாக்கும் முறையும் ஆய்வுலகிலே தோன்றியதுண்டு. 2015 ஆம் ஆண்டிலே வெளியான ‘என்கோர்’ என்னும் ஆய்வு, சில இணையப் பக்கங்களுக்கு வந்தவர்களின் உலாவிகளைக் கொண்டே, அவர்களிடம் முன்னனுமதி பெறாது, தடைசெய்யப்பட்ட தளங்களைச் சோதித்தது. இணையத் தணிக்கையை வெளிக்கொணரும் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஒழுக்கவியல் பற்றிய தம் கவலையைத் தெரிவிக்கும் குறிப்பொன்றை முகப்பிலே சேர்த்தே மாநாட்டுக் குழுவினர் அக்கட்டுரையை வெளியிட்டனர். முடிவின் பயன் முறையின் குறையை ஈடுசெய்யுமா என்னும் பழைய வினா அங்கு மீண்டும் எழுந்தது.

அந்தரங்கத்தைக் காத்தல் தொண்டரின் நலனுக்கு மட்டும் உரியதன்று; அளவீட்டின் உண்மைக்கும் அதுவே காவல். எந்த வீட்டிலே அளவுகோல் இருக்கிறது என்பது கம்பனிக்குத் தெரிந்தால், அவ்வீட்டுக்கு மட்டும் நல்ல வேகத்தைக் கொடுத்துப் பெயர்பெற அது முயலலாம். மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் நிறைகோல் சரியாக நிற்பதைப் போன்றது அது. அமெரிக்காவிலே வேகத்தின் அளவை உறுதிப்படுத்தும் பொருட்டுக் கம்பனிகளின் உதவி வேண்டப்பட்டமையால், இதற்கு எதிராக அக்கம்பனிகள் யாவும் நன்னடத்தைக் கோவையிலே கையொப்பமிட்டன. மறைவாயிருத்தலும் உண்மையாயிருத்தலும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இலங்கை வாசகருக்கும் இது தொலைதூரக் கதையன்று. கொழும்பைத் தளமாகக் கொண்ட ‘லேர்ன் ஏசியா’ ஆய்வு நிறுவனம், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்து ஆய்வுக் குழுவோடு இணைந்து, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து இணைய வேகத்தை அளக்கும் முறையொன்றை முன்னரே உருவாக்கிற்று. அசோகச் சக்கரவர்த்தியும் தேவநம்பிய தீசனும் பெயர்கொடுத்த ‘அசோக-தீச’ முறை அது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்நாட்டிலே இயற்றப்பட்டுள்ளது. ஆகவே அளப்பதற்கும் காப்பதற்கும் வேண்டிய சொற்கள் இங்கு உள. நாளை அளவுகோல்களை வடிவமைக்கப்போகும் மாணவருக்கும், அவற்றைத் தம் வீட்டிலே ஏற்கப்போகும் மாணவருக்கும் எஞ்சியிருப்பது ஒரு கேள்வியே: ஒரு வீட்டின் சார்பில் எவர் உடன்படுவது? கட்டணப் பட்டியலிலே பெயருள்ளவர் ஒருவர். அக்கம்பியினூடாக வாழ்பவர்கள் பலர். பெரும்பாலும் குடும்பத் தலைவரின் கையொப்பமே எல்லோரதும் உடன்பாடாகக் கொள்ளப்படுகிறது. தங்கியிருக்கும் மாணவன், முதிய தாய், வீடு திரும்பிய மகள் ஆகியோரை எவரும் கேட்பதில்லை.

மறுநாட் காலை ஆசிரியர் மகளிடம் எல்லாவற்றையும் கூறினார். கோப்பையும் காட்டினார். அவள் நெடுநேரம் அந்நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னிடம் கேட்டிருக்கலாம் அப்பா” என்றாள். “கேட்காமல் எண்ணியிருக்கிறீர்கள்.”

எண்ணத் தொடங்கியபோது அவளைத் தேடவில்லை என்று கூற அவர் வாயெடுத்தார். அது விடையாகாது என்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். அன்று மாலை பெட்டியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமீது வைத்தார். அது எவற்றை அளக்கிறது, எவற்றை அளப்பதில்லை, அளந்தவை எங்கே செல்கின்றன என்பவற்றை, முன்பு தாம் மட்டும் படித்த பத்திரத்தை முன்னே வைத்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் விளக்கினார். மூவரில் ஒருவர் வேண்டாமென்றாலும் திருப்பி அனுப்பிவிடுவதாகக் கூறினார். மகள் சற்று யோசித்தாள். ஊரிலே பலருக்கும் மாலையில் இணைப்பு இழுபடுகிறது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யமுடியாமல் நூலகத்துக்கு ஓடுகிறார்கள். ஆகவே பெட்டி இருக்கட்டும் என்றாள். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தாள். வேண்டியபோது, காரணம் கூறாமலே, எவரும் அதன் வயரைக் கழற்றலாம்.

அந்நிபந்தனையைத் தாய் ஒரு துண்டிலே எழுதிப் பெட்டியின்மீது ஒட்டினார்.

அவ்வாண்டின் இறுதியில், விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரத்திலே, வயர் கழற்றப்பட்டிருப்பதை ஆசிரியர் ஒருநாட் காலையிற் கண்டார். அவர் எதையும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றி ஒரு கோப்பையை மகளின் அறைக் கதவருகே வைத்துவிட்டு வந்தார். எட்டாம் நாள் வயர் மீண்டும் இணைக்கப்பட்டிருந்தது. அந்த வாரத்துக்குரிய வரிகள் அவ்விலக்கத்தின்கீழ் வெறுமையாயின. ஆயிரக்கணக்கான வீடுகளைக் கொண்டு கணிக்கப்படும் நாட்டின் சராசரி அதனாற் சிறிதும் பிறழவில்லை.